பாறைக்குள் செலுத்தும் நார்: மாற்றியமைத்த நானோசெல்லுலோஸும் கச்சா எண்ணெய் மீட்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓர் எண்ணெய் வயலில் கிணறுகளை மூடுகிறார்கள் என்றால் அங்கிருந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பாறையில் இயல்பாக உள்ள அழுத்தத்தால் மேலே வருவது பல வயல்களில் பத்து, பதினைந்து விழுக்காடுதான். அழுத்தம் தளர்ந்ததும் பக்கத்துக் கிணறுகள் வழியாக நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். இரண்டும் சேர்ந்து உலகச் சராசரியாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. மீதி கீழேயே கிடக்கிறது. எங்கே கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது என்று தெரியும். கிணறும் குழாயும் சாலையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனாலும் எடுக்க முடிவதில்லை. அந்த மீதியில் ஒரு பகுதியையாவது எடுக்க, தாவரத்திலிருந்து பிரித்த நானோசெல்லுலோஸ் உதவுமா என்பதே இன்றைய பேச்சு. உதவும் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. நானும் அந்தப் பொருளின்மேல் நம்பிக்கை உள்ளவன். அதனால்தான், அதை மாற்றியமைக்கும் ஒவ்வொரு வேதிவினைக்கும் நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன்.

பாறை எண்ணெயை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மணற்பாறையின் மணிகளுக்கு நடுவே துளைகள் உண்டு. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் கழுத்துப் பகுதி பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் அகலம்தான். எண்ணெய்த் துளி அந்தக் கழுத்துக்குள் புக வேண்டுமானால் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பரப்பு இழுவிசை இடம் கொடுப்பதில்லை. எண்ணெய்க்கும் உப்புநீருக்கும் இடையே அந்த இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்றும், கழுத்தின் ஆரம் 5 மைக்ரோமீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், துளியைத் தடுத்து நிறுத்தும் அழுத்தம் பத்தாயிரம் பாஸ்கலை ஒட்டி வருகிறது. தள்ளுகிற பக்கத்தைப் பாருங்கள். பாறைக்குள் நீர் நகரும்போது மீட்டருக்கு இருபதாயிரம் பாஸ்கல் அழுத்தச் சரிவு கிடைத்தால் அதுவே நல்ல நிலை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள துளியின் பங்குக்கு அதில் வருவது இரண்டு பாஸ்கல். பத்தாயிரத்துக்கு எதிராக இரண்டு! நீரை இன்னும் வேகமாகச் செலுத்தி இதை ஈடுகட்ட முடியாது. அதற்கு வெகு முன்பே பாறை பிளந்துவிடும்.

ஒற்றைத் துளியின் நிலை அது. வயல் அளவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இளகிய திரவம் கெட்டியான திரவத்தைத் தள்ளும்போது முகப்பு ஒரே வரிசையாக நகராது. அங்கங்கே விரல் விரலாக நீண்டு முந்தி ஓடும். 1958-இல் சாஃப்மனும் ஜெஃப்ரி டெய்லரும் இதன் கணிதத்தை எழுதினார்கள். ஒரு விரல் உற்பத்திக் கிணற்றைத் தொட்டுவிட்டால், பிறகு செலுத்தும் நீரில் பெரும்பகுதி அதே வழியில் ஓடிவிடும். இரு பக்கமும் உள்ள எண்ணெயை நீர் தொடுவதே இல்லை. கிணற்றிலிருந்து வரும் பத்துப் பீப்பாயில் ஒன்பது நீராக இருக்கும் பழைய வயல்கள் உலகில் ஏராளம்.

நீர் செலுத்தும் முறையே திட்டமிட்டுப் பிறந்ததல்ல. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு வயலில், கைவிட்ட கிணறுகளின் வழியே மேல்மட்ட நீர் எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியது. அருகிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கூடியது. நிலவியலாளர் ஜான் கார்ல் 1880-லேயே இந்த வாய்ப்பைக் குறித்து வைத்திருந்தார். ஆனாலும் அந்த மாநிலச் சட்டம் 1921-இல்தான் அதை அனுமதித்தது. பயன் தெரிந்தும் நாற்பது ஆண்டுகள் போய்விட்டன.

நீரைக் கெட்டியாக்கினால் விரல்கள் குறையும். இதற்கு இன்று பெருமளவில் பயன்படுவது பகுதி நீராற்பகுத்த பாலிஅக்ரிலமைடு. துறையில் எச்பாம் என்பார்கள். ஆயிரம் பங்கு நீரில் ஓரிரு பங்கு கலந்தாலே நீரின் பாகுத்தன்மை பல மடங்கு உயர்கிறது. சீனாவின் டாச்சிங் வயல் 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1996 முதல் அங்கே பாலிமர் செலுத்துவது தொழில் அளவில் நடக்கிறது. பாறையில் முதலில் இருந்த எண்ணெயில் பத்து விழுக்காட்டை ஒட்டிய கூடுதல் மீட்பு அங்கே கிடைத்திருக்கிறது. நம் நாட்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்து மங்களா வயல் இருக்கிறது. 2004 ஜனவரியில் கண்டுபிடித்து, 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கினார்கள். மெழுகு மிகுந்த எண்ணெய். குழாயைச் சூடாக்கிக்கொண்டே குஜராத் கடற்கரைவரை அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே சிறு அளவுச் சோதனையில் தொடங்கிய பாலிமர் செலுத்தல் 2015 வாக்கில் முழு வயலுக்கும் விரிந்தது. பாலிமர் முறை வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள். டாச்சிங் பாறையின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் அளவு, உப்பும் குறைவு. மங்களாவில் வெப்பம் 65 டிகிரியை ஒட்டி. வெப்பம் 70, 75 டிகிரியைத் தாண்டினால் எச்பாம் சங்கிலியில் உள்ள அமைடுத் தொகுதிகள் நீரால் பகுக்கப்பட்டுக் கார்பாக்சிலேட்டாக மாறிக்கொண்டே போகும். அந்தக் கார்பாக்சிலேட்டுகளைக் கால்சியமும் மெக்னீசியமும் பிடித்து இழுக்க, விரிந்திருந்த சங்கிலி சுருண்டு வீழ்படிவாகிவிடும். இறைப்பியிலும் வால்விலும் வேகமாகப் பாயும்போது நீண்ட சங்கிலிகள் அறுந்துபோவது இன்னொரு இழப்பு. மண்ணிலும் கடலிலும் இது எளிதில் சிதைவதுமில்லை. நார்வேயில் கடலோர எண்ணெய்த் தளங்களின் வேதிப்பொருள்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இத்தகைய பாலிமர்கள் எளிதில் மக்காதவை என்பதால் சிவப்பில் வருகின்றன. வெப்பம் மிகுந்த பாறை, உப்பு நிறைந்த நீர், கடலில் கழிவை விடுவதற்குக் கண்டிப்பு: இந்த மூன்றும் சேர்ந்த வட கடலிலிருந்து நானோசெல்லுலோஸ் பற்றிய தீவிரமான ஆய்வுகள் வந்தது தற்செயல் அல்ல.

நானோசெல்லுலோஸ் புதுப்பொருள் என்று சொல்லப்படுவதுண்டு; ஆனால் அதன் வரலாறு பழையது. செல்லுலோஸை ஆன்செல்ம் பாயேன் 1838-இல் தனிப்பொருளாக அடையாளம் கண்டார். ஸ்வீடனின் உப்சாலாவில் பெங்ட் ரோன்பி 1940-களின் இறுதியில் கந்தக அமிலத்தால் செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதிகளைக் கரைத்து, எஞ்சிய படிகத் துகள்களை நீரில் நிலையாக மிதக்கவிட்டார். இன்றும் அதே வழிதான்: 64 விழுக்காடு கந்தக அமிலம், 45 டிகிரி வெப்பம், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வினை. மரக்கூழிலிருந்து இப்படிக் கிடைக்கும் குச்சிகள் 5 முதல் 10 நானோமீட்டர் அகலமும் 100, 200 நானோமீட்டர் நீளமும் கொண்டவை. இவை நானோபடிகங்கள். அமிலம் இல்லாமல், கூழை உயர் அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே திரும்பத் திரும்பப் பாய்ச்சிப் பிரித்தால் நீண்ட நானோநார்கள் கிடைக்கும். அமெரிக்காவின் ஐடிடி ரேயோனியர் நிறுவனத்தில் டர்பாக்கின் குழு 1980-களின் தொடக்கத்தில் இதைச் செய்தது. மின்சாரச் செலவு மலைக்க வைத்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இசோகாயும் சாயிட்டோவும் 2006-இல் டெம்போ என்ற வினையூக்கியால் நாரின் மேற்பரப்பில் கார்பாக்சிலேட் தொகுதிகளை உண்டாக்கினார்கள். ஒன்றையொன்று விலக்கிக்கொண்ட நார்கள் மிகக் குறைந்த ஆற்றலில் 3, 4 நானோமீட்டர் அகலத்துக்குப் பிரிந்துவிட்டன. 2015-ஆம் ஆண்டின் மார்க்கஸ் வாலன்பர்க் பரிசு இந்தப் பணிக்குத்தான் கிடைத்தது.

நீரைக் கெட்டியாக்க இந்தக் குச்சிகளும் நார்களும் ஏன் பொருத்தம்? நீளம் அகலத்தைவிடப் பல மடங்கு என்பதால் சிறிதளவு சேர்த்தாலே ஒன்றோடொன்று இடறிக்கொண்டு நீரின் ஓட்டத்தைத் தடுக்கும். வேகமாகத் தள்ளும்போது குச்சிகள் ஓட்டத்தின் திசையில் வரிசைப்பட்டு நீர் இளகும். பாறையின் ஆழத்தில் ஓட்டம் தணிந்ததும் மறுபடி கெட்டிப்படும். எச்பாம் சங்கிலியைப் போல இறைப்பியில் அறுந்துபோவதில்லை. படிகமாக இருக்கும் செல்லுலோஸ் அவ்வளவு உறுதி. துளையின் கழுத்து மைக்ரோமீட்டரில், குச்சி நானோமீட்டரில். நுழையும் இடம் தாராளமாக இருக்கிறது. தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாம் சாதகம்.

சோதனைக்கூடத்தில் என்ன ஆனது? டிரோன்ட்ஹெய்ம் நகரில் உள்ள நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்குள்ள தாள், நார் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலையை இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிறேன். முதலில் அவர்கள் வெப்பத்தைச் சோதித்தார்கள். நானோபடிகங்களும், இயந்திரத்தால் மட்டும் பிரித்த நார்களும் 140 டிகிரியில் மூன்று நாள் தாங்கின. டெம்போ நார்கள் அவ்வளவு தாங்கவில்லை. நானோபடிகங்கள் கலந்த நீரை 90 டிகிரிக்கு மேல் வைத்திருந்தபோது, நேரம் ஆக ஆகப் பாகுத்தன்மை குறையாமல் கூடியது. எச்பாமுக்கு எது எமனோ அதுவே இதற்கு உரம். மேலே இளகிய நிலையில் எளிதாகச் செலுத்தலாம், கீழே சூடேறியதும் தானாகக் கெட்டிப்படும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்து வந்தது. அது வெறும் கனவல்ல. அளந்து கண்ட பண்பு.

அந்த எதிர்பார்ப்பை அவர்கள் பாறையில் வைத்துச் சோதித்ததை 2019-இல் வெளியிட்டார்கள். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மணற்பாறை உருளை. அதில் கச்சா எண்ணெயை நிரப்பி, 120 டிகிரி வெப்பத்தில், குறைந்த உப்புள்ள நீரில் 1 விழுக்காடு நானோபடிகம் கலந்து செலுத்தினார்கள். உருளையின் துளைகளை ஒருமுறை நிரப்ப 24 மணி நேரம் ஆகும் அளவுக்கு மெதுவாகச் செலுத்தினார்கள். உருளையின் நீளம், செலுத்திய வேகம் என்ற இந்த இரண்டு விவரங்களையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பல ஆய்வுகளில் விரல் நீள உருளையில், வயலில் ஒருபோதும் கிடைக்காத வேகத்தில் திரவத்தைப் பாய்ச்சி மீட்பைக் கணக்கிடுகிறார்கள். பாறைக்குள் நீர் நாளொன்றுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில்தான் நகரும். டிரோன்ட்ஹெய்ம் சோதனையின் வேகம் அதற்குப் பக்கத்தில் இருந்தது.

முடிவு: மொத்த மீட்பு 62.2 விழுக்காடு. அதில் நானோபடிகம் செலுத்தியபோது வந்தது 1.2 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களில் முதல் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டிருந்தால் கட்டுரை பரபரப்பாகப் பேசப்பட்டிருக்கும். அவர்கள் 1.2 என்பதைச் சுருக்கத்திலேயே எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. பாறையின் ஊடுருவுதிறன் 89.5 விழுக்காடு குறைந்துபோனதையும், உருளையின் நுழைவு முகத்தில் நானோசெல்லுலோஸ் மெல்லிய படலமாகப் படிந்ததையும் பதிவு செய்தார்கள். கூடுதல் எண்ணெய் வந்ததற்கு முதன்மைக் காரணம் அவர்கள் முதலில் எதிர்பார்த்த கெட்டிப்படுதல் அல்ல என்றும் சொன்னார்கள். துளையின் கழுத்துகளில் குச்சிகள் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. நீர் வேறு வழி தேடுகிறது. அந்த வேறு வழியில் இருந்த எண்ணெய் நகர்கிறது. தேர்த் திருவிழாவன்று குறுகலான சந்நிதித் தெரு வாயிலில் கூட்டம் நெருக்கி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்கள் பக்கத்துச் சந்துகளில் திரும்புவார்கள் அல்லவா, அப்படி. ஒரு குச்சி தனியாக இருந்தால் தாராளமாக நுழையும் இடத்தில் ஆயிரம் குச்சிகள் ஒரே நேரத்தில் வந்தால் நுழைய முடிவதில்லை. நீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போக, கழுத்தில் குச்சிகளின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. துகளின் அளவையும் துளையின் அளவையும் ஒப்பிட்டு மட்டும் முடிவு கட்டுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஊடுருவுதிறன் பத்தில் ஒரு பங்காகக் குறைவது உருளையில் ஓர் எண்; வயலில் அது பெரிய தொல்லை. கிணற்றைச் சுற்றிப் பாறை அடைத்துக்கொண்டால் அதே அளவு நீரைச் செலுத்த அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால் பாறை பிளக்கும்; செலுத்தும் திரவம் முழுவதும் அந்தப் பிளவின் வழியே ஓடும். கிணற்றின் அருகிலேயே அடைப்பு விழக்கூடாது, ஆழத்தில், நீர் ஏற்கெனவே வழி கண்ட இடத்தில் விழ வேண்டும். நானோசெல்லுலோஸ் ஆய்வின் மையச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். மீட்பு எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இங்கேதான் மாற்றியமைத்தல் வருகிறது. மாற்றாத நானோபடிகத்தின் மேற்பரப்பில் கந்தக அமிலம் விட்டுச்சென்ற சல்ஃபேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்தோடு நிற்கின்றன. அந்த மின்னூட்டம்தான் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கிறது. உப்பில்லாத நீரில் இந்த விலக்கல் பல நானோமீட்டர் தூரம் எட்டும். கடல்நீரின் உப்பில் அரை நானோமீட்டர்கூட எட்டாது. குச்சிகள் திரண்டு கொத்தாகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவு கால்சியமும் 1300 மில்லிகிராம் அளவு மெக்னீசியமும் உண்டு. கார்பாக்சிலேட் கொண்ட நார்களை இவை பாலம்போட்டு இணைத்துக் கூழாக்கிவிடும். கடல்நடுவே தளத்தில் செலுத்தக் கிடைப்பதோ கடல்நீர்தான். டிரோன்ட்ஹெய்ம் சோதனையில் குறைந்த உப்புநீர் பயன்பட்டது இந்தக் காரணத்தால்தான் பொருள்படுகிறது.

இதற்கு விடை தேடியவர்களில் சீனாவின் செங்டு நகரில் உள்ள தென்மேற்குப் பெட்ரோலியப் பல்கலைக்கழகத்தின் வெய் பிங் குழு குறிப்பிடத்தக்கது. நானோநாரின் மேற்பரப்பில் ஆம்ப்ஸ் எனப்படும் சல்ஃபோனிக் அமில மூலக்கூறை ஒட்டவைத்தார்கள். சல்ஃபோனேட்டைக் கால்சியம் அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. உப்பு தாங்கும் திறன் கூடுகிறது. கூடவே நீரை விலக்கும் கார்பன் சங்கிலிகளையும் சேர்த்தார்கள். அவற்றால் நார் எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்புக்குப் போய் நிற்கிறது. எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரித்து, துளிகள் மறுபடி சேராமல் காக்கிறது. திடத் துகள்கள் இப்படிப் பால்மத்தை நிலைப்படுத்தும் என்பதை ராம்ஸ்டனும் பிக்கரிங்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டார்கள். வேதியியல் நோக்கில் இது அழகான வேலை. பிரச்சினை எதுவென்று சரியாகக் கண்டு, அந்த இடத்தில் சரியான தொகுதியை வைத்திருக்கிறார்கள்.

விலையைப் பார்ப்போம். ஆம்ப்ஸ் என்பது பெட்ரோலிய வேதியியலில் தயாராகும் அக்ரிலமைடு இனத்து மூலக்கூறு. உப்பும் வெப்பமும் மிகுந்த வயல்களுக்காக எச்பாமை வலுப்படுத்தும்போதும் இதையேதான் சேர்க்கிறார்கள். எச்பாம் மக்காது, செல்லுலோஸ் மக்கும் என்று சொல்லித் தொடங்கினோம். செல்லுலோஸின் மேல் எச்பாம் இனத்துச் சங்கிலியைப் போர்த்திய பிறகு அது எவ்வளவு மக்கும்? அதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிகள் அதன் மேற்பரப்பில் வந்து அமர்ந்து வேலை செய்பவை. அந்த மேற்பரப்பைத்தான் நாம் மூடியிருக்கிறோம். மாற்றிய பொருளின் மக்கும் தன்மைக்கு மாற்றாத பொருளின் நற்சான்றைக் காட்டுவது முறையல்ல. பசுமை என்ற அடைமொழியை நீங்கள் எழுதும் ஆய்வறிக்கையில் போடுமுன், எந்தப் பொருளுக்கு அந்தச் சோதனை நடந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை பரப்பு இழுவிசையைப் பற்றி. மாற்றியமைத்த நானோசெல்லுலோஸ் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது என்று பல கட்டுரைகள் சொல்கின்றன, குறைக்கிறது, உண்மை. ஆனால் முன்பு சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். பத்தாயிரத்துக்கு எதிராக இரண்டு. சிக்கிய துளியை இழுவிசைக் குறைப்பால் மட்டும் விடுவிக்க வேண்டுமானால் 30 மில்லிநியூட்டனை ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைக்க வேண்டும். அதற்கென்றே வடிவமைத்த சோப்பு வகைப் பொருள்கள் அதைச் செய்கின்றன. 30-ஐப் பத்தாகக் குறைத்தேன், அதனால்தான் எண்ணெய் வந்தது என்று எழுதினால் கணக்கு ஒத்துக்கொள்ளாது. வேறு ஏதோ நடந்திருக்கிறது. ஒருவேளை வழியடைப்பு, ஒருவேளை பால்மம், ஒருவேளை பாறையின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் உரிந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு வலுவான அடிப்படை உண்டு: நானோதுகள்கள் எண்ணெய்க்கும் பாறைக்கும் இடையே உள்ள ஆப்பு வடிவ இடுக்கில் வரிசையாக அடுக்கிக்கொண்டு எண்ணெயை நெம்பித் தள்ளுகின்றன என்பதை இல்லினாய்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் தர்ஷ் வாசனும் நிகோலோவும் 2003-இல் காட்டினார்கள். அந்த ஆய்வில் இருந்தவை உருண்டைத் துகள்கள். நீண்ட குச்சிகள் அந்த இடுக்கில் எப்படி அடுக்கும் என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

காலம் என்ற அளவும் இருக்கிறது. இரண்டு கிணறுகளுக்கு இடையே 250 மீட்டர் என்றால், நாளுக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் செலுத்திய நீர் மறுபக்கம் வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 140 டிகிரியில் மூன்று நாள் தாங்கியது நல்ல செய்தி. தேவை இரண்டு ஆண்டு. நுண்ணுயிர்களையும் மறக்கக் கூடாது. மக்கும் என்பது தரைக்கு மேலே வரம். தரைக்குக் கீழே, வேலை முடியுமுன் மக்கினால் சாபம். பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் சாந்தான் என்ற பாலிமருக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி சேர்க்காமல் அதைச் செலுத்த முடிவதில்லை. 80, 90 டிகிரிக்கு மேல் உள்ள பாறையில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அனேகமாக வாழ்வதில்லை. ஆக, எச்பாம் தோற்கும் அதே சூடான பாறைதான் நானோபடிகத்துக்கு நல்ல இடம்: கெட்டிப்படவும் வெப்பம் கிடைக்கும், தின்னவும் ஆள் இருக்காது. ஆனாலும் குளிர்ந்த நீரைச் செலுத்தச் செலுத்தக் கிணற்றை ஒட்டிய பாறை குளிர்ந்துவிடும் என்பதை வயலில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். அந்தக் குளிர்ந்த வளையத்தில் நுண்ணுயிர்கள் இருக்கும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வயலில் நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் நீர் செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பீப்பாய்க்கு 159 லிட்டர். ஏறக்குறைய 15,900 டன் நீர். 0.2 விழுக்காடு கலக்க நாளுக்கு 32 டன் நானோசெல்லுலோஸ் வேண்டும். டிரோன்ட்ஹெய்ம் சோதனையின் 1 விழுக்காடு என்றால் 159 டன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2012-இல் வந்த செல்யுஃபோர்ஸ் ஆலையின் திறன் நாளுக்கு ஒரு டன். நார்வேயின் போரேகார்ட் நிறுவனம் 2016-இல் திறந்த நுண்நார் ஆலையின் திறன் ஆண்டுக்கு ஆயிரம் டன். கிலோ பத்து டாலருக்குக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 0.2 விழுக்காட்டில் ஒரு பீப்பாய் நீருக்கு மூன்று டாலருக்கு மேல் ஆகிறது. ஒரு பீப்பாய் கூடுதல் எண்ணெய்க்கு ஐந்து பீப்பாய் நீர் என்றால் பதினாறு டாலர். இதில் ஆம்ப்ஸ் ஒட்டவைக்கும் செலவு சேரவில்லை. பயன்பட்ட கந்தக அமிலத்தை மீட்கும் செலவும் தனி. நம் ஊர்க் கல்லூரிகளில் கரும்புச் சக்கையிலிருந்தும் வாழை நாரிலிருந்தும் நானோசெல்லுலோஸ் பிரிக்கும் மாணவத் திட்டங்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. நல்ல பயிற்சி. ஆனால் மூலப்பொருள் மலிவு என்பதால் பொருள் மலிவாகிவிடாது. அமிலமும் மின்சாரமும் நீரும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. அந்த மூன்றையும் அளந்து எழுதும் திட்ட அறிக்கையை நான் ஆவலோடு படிப்பேன்.

எண்ணெயைக் கூடுதலாக எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் உரிமை இந்த அவைக்கு உண்டு. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறோம். எண்ணெயின் பயன்பாடு குறைந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குறையும் காலம்வரை தேவைப்படுவதைப் புதிய நிலத்தைத் துளைத்து எடுப்பதைவிட, ஏற்கெனவே துளைத்த நிலத்திலிருந்து எடுப்பது மேல் என்பது என் நிலைப்பாடு. காவிரி டெல்டா மக்கள் இதில் கசப்பான அனுபவம் உள்ளவர்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்கிறது. முன்பே நடந்துவந்தவை தொடர்கின்றன. தொடர்கிற கிணறுகளுக்குள் என்ன செலுத்துகிறார்கள் என்று கேட்க அங்குள்ள விவசாயிக்கு முழு உரிமை இருக்கிறது. அவருக்கு நாம் தரும் பதில் சோதித்த பதிலாக இருக்க வேண்டும். மக்கும் என்று ஒரு சொல்லை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். எச்பாமின் இடத்தில் நானோசெல்லுலோஸ் வந்து முழு வயலையும் நிரப்பும் என்று நான் நினைக்கவில்லை. அளவும் விலையும் அதற்கு இடம் தராது. வழியடைப்பு அதன் குறை என்று பார்க்கிறார்கள். அதுவே அதன் முதல் தொழிலாக அமையலாம். நீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் சில அடுக்குகளைத் தேர்ந்து, சிறு அளவு திரவத்தைச் செலுத்தி, வெப்பத்தில் கெட்டிப்பட விட்டு, பிறகு வெறும் நீரைத் தொடர்வது. 32 டன் நாள்தோறும் வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு மட்டும் போதும். கிணறு தோண்டும் சேற்றில் நானோசெல்லுலோஸைச் சேர்ப்பது அதற்கும் முன்பே வயலுக்கு வந்துவிடலாம். அங்கே தேவைப்படும் காலம் சில நாள்கள்தான், மூன்று நாள் வெப்பத் தாங்கல் அங்கே உண்மையிலேயே பொருள் உள்ள எண்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றியமைத்த நாரை யார் தயாரித்தாலும், அதைக் குறைந்தது முப்பது சென்டிமீட்டர் பாறையில், வயலிலிருந்து கொண்டுவந்த உப்புநீரில், மெதுவான வேகத்தில் சோதியுங்கள். உருளையின் நீளத்தில் பல இடங்களில் அழுத்தமானி வையுங்கள். அடைப்பு முகத்தில் விழுந்ததா, உள்ளே விழுந்ததா என்பது அப்போதுதான் தெரியும். மாற்றாத நாரையும், நாரே இல்லாத நீரையும் அதே பாறை வகையில் ஓட்டிப் பார்த்து மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். பிறகு பெரும்பாலோர் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள்: உருளையின் மறுமுனையில் வரும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். கார்பன் சங்கிலி சேர்த்த நார் பாறைக்குள் பால்மத்தை நிலைப்படுத்தினால், மேலே வந்த பிறகும் அது நிலைத்தே இருக்கும். வயலின் பிரிப்புத் தொட்டியில் எண்ணெயும் நீரும் சில நிமிடங்களில் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் சுத்திகரிப்பு ஆலை அந்த எண்ணெயை வாங்காது, நீரைத் திரும்பச் செலுத்தவும் முடியாது. ஆகவே வெளிவந்த பால்மத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வயலில் பயன்படும் பால்மமுறிப்பானைச் சேர்த்து, பிரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். அந்த நிமிடக் கணக்கையும் மீட்பு விழுக்காட்டையும் ஒரே அட்டவணையில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் அச்சிடுங்கள்.